செபராங் ஜெயாவில் ஓராண்டுத் திருவிழாக்கள்: எந்த மாதம், எங்கே, யார் கையில்?

செபராங் ஜெயாவில் ஒரு திருவிழா எந்த நாளில் வருகிறது என்று கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். பஞ்சாங்கம் சொல்லும் நாள் ஒன்று. கோயில் வாசலில் பதாகை கட்டி அறிவிக்கும் நாள் இன்னொன்று. இரண்டாவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். புதிதாகக் குடிவந்தவர்களுக்கும், தோட்டத்திலிருந்து உறவினர் வீட்டுக்கு விழா பார்க்க வருகிறவர்களுக்கும் இந்தக் குழப்பம் வழக்கமானது. ஆண்டு முழுவதும் இந்த வட்டாரத்துத் தமிழர்கள் எந்த மாதம் எங்கே கூடுகிறார்கள் என்பதை ஒரே இடத்தில் எழுதி வைப்பது பயன்படும் என்றே இந்தத் தொகுப்பு.

செபராங் ஜெயா பழைய ஊர் இல்லை. 1969இல் தொடங்கப்பட்ட பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1970களில் திட்டமிட்டு எழுப்பிய குடியிருப்பு இது. ஜாலான் தொடாக், ஜாலான் தெங்கிரி, ஜாலான் தூனா என்று தெருக்களுக்கு மீன் பெயர் வைத்திருப்பதைப் பார்த்தாலே இது ஒரே மூச்சில் உருவாக்கப்பட்ட ஊர் என்று தெரிந்துவிடும். (திருமண அழைப்பிதழில் "தெங்கிரிச் சாலை" என்று அச்சடித்தால் தமிழ்நாட்டு உறவினர் சிரிக்கத்தான் செய்வார்.)

ஆனால் இங்கே குடியேறிய தமிழர்களின் வரலாறு ஊரைவிட மூத்தது. 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறை நிலப்பகுதி கரும்புத் தோட்டங்களுக்குப் பேர்போனது. அந்தத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்தவர்கள் ஒரு பிரிவினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது, பின்னர் செம்பனை வந்தது. துறைமுகத்திலும் இரயில்வேயிலும் வேலை பார்த்தவர்கள் இரண்டாவது பிரிவினர். 1967இல் பட்டர்வொர்த் நிலையம் திறக்கப்படும் வரை இந்தப் பக்கத்துக்குப் பிறைதான் இரயில் முனையம். மூன்றாவது பிரிவினர், பிறை தொழிற்பேட்டையில் வேலை தேடி கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் வந்து தங்கியவர்கள்.

இந்த மூன்று பிரிவினரும் தத்தம் திருவிழாவை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஊர் புதிதாக இருந்தும் திருவிழா பழையதாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

தோட்டத்தில் திருவிழா நாள் எப்படி முடிவானது என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். சம்பள நாள், துரையின் அனுமதி, மரத்தின் நிலை ஆகிய மூன்றையும் பார்த்தே அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ரப்பர் மரம் இலை உதிர்க்கும், பால் குறையும். அந்த இடைவெளியில் விழா வைத்துக்கொண்ட தோட்டங்கள் உண்டு. ஆகவே "அந்தக் காலத்தில் எல்லாம் பஞ்சாங்கப்படி நடந்தது, இப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள்" என்று குறைப்படுவது முழு உண்மை ஆகாது. அன்றும் வேலைதான் நாளைத் தீர்மானித்தது. அன்று எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே விடுமுறை. இன்று ஒரே வீட்டில் தந்தைக்கு இரவு ஷிப்ட், மகளுக்குப் பகல் ஷிப்ட். சிரமம் அங்கேதான் தொடங்குகிறது.

தை, மாசி

பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் வரும். மலேசியாவில் அதற்குப் பொது விடுமுறை கிடையாது. அதனால் காலையில் வீட்டு வாசலில் பால் பொங்கவிட்டுவிட்டு வேலைக்கு ஓடுவதே பலருக்கு வழக்கம். கோயில்களும் இயக்கங்களும் நடத்தும் பொது விழா அடுத்து வரும் சனி, ஞாயிறுகளில் நடக்கும். கோலப் போட்டி, கரும்பு கடித்தல், தோரணம் பின்னுதல், உறியடி ஆகியவை அன்றைக்குத்தான். தமிழ்ப்பள்ளிகளில் மாணவர்களே பானை வைப்பார்கள். சில ஆண்டுகள் மார்ச்சில் தொடங்கிய பள்ளித் தவணை 2026இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பிவிட்டது. எனவே முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை பள்ளியில் காணும் முதல் விழா இனிப் பொங்கலாகவே இருக்கும்.

தைப்பூசத்துக்குப் பினாங்கில் மாநில விடுமுறை உண்டு. தை மாதத்தில் பூச நட்சத்திரமும் பௌர்ணமியும் கூடும் நாள் அது. 2025இல் பிப்ரவரி 11, இந்த ஆண்டு பிப்ரவரி 1. செபராங் ஜெயாவிலிருந்து பெருங்கூட்டம் தீவுக்குப் போகும். ஜோர்ஜ்டவுன் பினாங்குத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குச் செல்லும் வெள்ளித் தேர் 1894ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1833இல் எழுந்த குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வேலைச் சுமந்து செல்லும் தங்கத் தேர் 2017இல் வந்தது. இரண்டு தேர் எதற்கு என்ற விவாதம் இன்றும் பல வீட்டுக் கூடங்களில் நடக்கிறது. பக்தர்கள் இரண்டுக்கும் தேங்காய் உடைத்துவிட்டுப் போகிறார்கள். உடைப்பவர்களில் சீனர்கள் எண்ணிக்கை எவ்வளவு என்பதைத் தேரின் முன் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு 500க்கும் மேற்பட்ட படிகள். வயதானவர்களை அழைத்துச் செல்கிறவர்கள் வெயிலுக்கு முன் ஏறி இறங்குவது நல்லது. காரில் பாலத்தைக் கடப்பதைவிட ஃபெர்ரி எளிது. ஆனால் 2023இல் வந்த புதிய ஃபெர்ரிகளில் கார் ஏறாது. நடந்து செல்வோர், சைக்கிள், மோட்டார் சைக்கிள் மட்டும்தான். பழைய ஃபெர்ரி நினைவில் காரோடு படகுத்துறைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தீவுக்குப் போக இயலாதவர்கள் வடக்கே சுங்கைப் பட்டாணி ஸ்ரீ சுப்பிரமணியர் தேவஸ்தானத்துக்குச் சென்று காவடி எடுக்கிறார்கள். வட மாநிலங்களில் தைப்பூசத்துக்குப் பெயர்பெற்ற தலங்களில் அதுவும் ஒன்று.

மாசி மகத்துக்கு இங்கிருந்து போகிறவர்கள் குறைவு. தீவின் வடமேற்கு முனையில் உள்ள தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோயிலின் தெப்பத் திருவிழா அன்றைய சிறப்பு. கடலில் தெப்பம் பார்க்காதவர்கள் ஒருமுறையாவது போய் வரலாம்.

ஆடி

செபராங் ஜெயாவின் உண்மையான திருவிழா மாதம் ஆடிதான். தைப்பூசத்துக்கு ஊரைவிட்டுப் போகிறவர்கள் ஆடிக்கு ஊருக்கு வருகிறார்கள். ஊருக்குள் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அருள்மிகு கருமாரியம்மன் ஆலயத்தின் உயர்ந்த ராஜகோபுரம். கருமாரி என்ற பெயர் சென்னைக்கு அருகிலுள்ள திருவேற்காட்டை நினைவூட்டுவது. தோட்டத்து லயன் ஓரத்தில் தகரக் கூரையின் கீழ் மாரியம்மனாக இருந்தவளைக் கும்பிட்டு வளர்ந்த தலைமுறை, நகரத்தில் இந்தக் கோபுரத்தின் கீழ் வந்து நிற்கிறது. பால்குடம், கரகம், கூழ் வார்த்தல், வளையல் சாத்துதல் ஆகியவை வட்டாரத்து அம்மன் கோயில்களில் இந்த மாதம் முழுவதும் நடைபெறும். தீமிதி சில கோயில்களில் ஆடியில், சில கோயில்களில் வேறு மாதங்களில்.

இந்த ஆண்டு ஆடி முதல் நாள் ஜூலை 17, வெள்ளிக்கிழமை. மாதத்தில் ஐந்து வெள்ளி, ஐந்து ஞாயிறு. வெள்ளி மாலை பூஜை உள்ளூர்க்காரர்களுக்கு. வெளியூர்க்காரர்கள் வரக்கூடிய பெரிய விழாவுக்கு ஞாயிறுதான் வாய்ப்பு. செபராங் ஜெயா, பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் உள்ள அம்மன் கோயில்கள் எல்லாமே இந்த ஐந்து ஞாயிறுகளைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நாதஸ்வரக் குழு, கூடாரக்காரர், பூக்கடைக்காரர், சமையல்காரர் எல்லோரும் அதே ஆள்கள். அர்ச்சகர்களிலும் தவில், நாதஸ்வரக் கலைஞர்களிலும் கணிசமானோர் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலை அனுமதியில் வருகிறவர்கள். அனுமதி தாமதமானால் ஒரு கோயிலின் ஆள் இன்னொரு கோயிலுக்கும் ஓட வேண்டியிருக்கும். பெரிய கோயிலுக்கு இது சமாளிக்கக்கூடிய சிக்கல். தோட்டம் மூடப்பட்டு, ஆள்கள் கலைந்து, பத்துப் பதினைந்து குடும்பங்கள் மட்டும் பிடித்து வைத்திருக்கும் சிறு கோயிலுக்கு அப்படி இல்லை. பெரிய கோயில் விழா நடக்கும் ஞாயிறன்று தானும் விழா வைத்தால், பால்குடம் எடுக்க வேண்டியவர்கள் பாதிப்பேர் அங்கே போய்விடுவார்கள். அடுத்த ஆண்டு ரசீதுப் புத்தகத்தை நீட்டும்போது அது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. முடா ஆற்றைத் தாண்டினால் கெடா. அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறன்று பள்ளியும் அரசு அலுவலகமும் திறந்திருக்கும். செபராங் ஜெயாவில் இருக்கும் பல குடும்பங்களுக்கு அண்ணன், தங்கை, சம்பந்தி எல்லாம் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும்தான் இருக்கிறார்கள். இங்கே ஞாயிறன்று விழா வைத்தால் அங்கே பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வரமுடியாது. தைப்பூசத்துக்கும் கெடாவில் நிலையான பொது விடுமுறை இல்லை. மாநில அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் சிறப்பு விடுமுறையாகவே அது இருந்துவந்தது. 2021இல் அது இல்லை என்று அறிவிக்கப்பட்டபோது எழுந்த மனக்குறையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சனிக்கிழமை இரவு விழா வைத்தால் இரு மாநிலத்தாரும் வரலாம். சில கோயில்கள் பால்குடத்தை ஞாயிறு காலையிலும் அம்மன் ஊர்வலத்தை முதல் நாள் இரவிலும் வைப்பதன் பயன் இதுதான்.

அன்னாள் பெருவிழா

ஆடி மாதத்தில் இந்த வட்டாரத்தில் நடக்கும் இன்னொரு பெரும் கூட்டம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத் திருவிழா. திருநாள் ஜூலை 26. ஆங்கிலத் தேதி மாறாதது என்பதால் அது எல்லா ஆண்டும் ஆடியில்தான் விழும். மஞ்சள் சேலையும் பால்குடமும் ஒரு சாலையில் போகும் அதே வாரத்தில் மெழுகுத்திரி ஏந்திய பவனி இன்னொரு சாலையில் போகும். தேவாலயத்தின் பழைய கட்டடம் 1888ஆம் ஆண்டினது. புதிய பேராலயம் 2002இல் எழுந்தது. 2019இல் இது சிறிய பசிலிக்கா என்ற தகுதியைப் பெற்றது.

பெருவிழாவுக்கு முந்திய நாள்களிலேயே நவநாள் வழிபாடு தொடங்கிவிடும். தமிழிலும் திருப்பலி உண்டு. சிங்கப்பூரிலிருந்தும் பேருந்துகளில் ஆள் வருவார்கள். மெழுகுத்திரி ஏற்றி நிற்பவர்களில் நெற்றியில் விபூதியோடு இருப்பவர்களையும் காணலாம். குழந்தை வரம் கேட்டு அன்னாளிடம் போய், குழந்தை பிறந்த பிறகு மாரியம்மனுக்கும் மாவிளக்குப் போடும் குடும்பங்கள் இங்கே புதுமை இல்லை. இந்த ஆண்டு ஜூலை 26 ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. அதாவது ஆடியின் ஐந்து ஞாயிறுகளில் ஒன்று அன்னாளுக்குப் போய்விட்டது. அன்று புக்கிட் மெர்தாஜாம் சாலைகளில் நெரிசல் அதிகம் இருக்கும் என்பதால் பக்கத்துக் கோயில்கள் ஊர்வலம் வைப்பதைத் தவிர்ப்பது இரு தரப்புக்கும் நல்லது.

புரட்டாசி முதல் மார்கழி வரை

புரட்டாசியில் சனிக்கிழமை விரதம் இருப்பவர்களுக்குப் பட்டர்வொர்த் ராஜா ஊடா வட்டாரம் ஒரு வசதி. ஒன்பது பேரரசர் திருவிழாவின்போது சீனக் கடைகளில் மஞ்சள் கொடி பறக்கும். அங்கே ஒன்பது நாளும் சைவம். நம் நவராத்திரியும் அவர்கள் விழாவும் அமாவாசையை ஒட்டித் தொடங்குவதால் பெரும்பாலான ஆண்டுகளில் ஒன்றாகவே வரும். 2023, 2024 இரண்டிலும் அப்படித்தான் வந்தது. 2025இல் சீன நாள்காட்டியில் ஒரு மாதம் கூடுதலாக வந்ததால் அவர்கள் விழா தீபாவளிக்குப் பின்னால் தள்ளிப்போனது. இந்த ஆண்டு அக்டோபரில் மீண்டும் சேர்கின்றன. மஞ்சள் கொடிக் கடையில் தட்டில் சோறு வாங்கும் வரிசையில் விபூதிக்காரர்களும் நிற்பார்கள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதில்லை.

நவராத்திரிக் கொலு வீடுகளில் குறைந்து கோயில்களில் கூடிவருகிறது. அடுக்குமாடி வீட்டில் ஒன்பது படி வைக்க இடம் இல்லை என்பது ஒரு காரணம். சரஸ்வதி பூஜையன்று தமிழ்ப்பள்ளிகளிலும் பட்டறைகளிலும் லாரி நிறுத்தும் இடங்களிலும் பொரிகடலை கிடைக்கும்.

தீபாவளி சரவாக் தவிர நாடு முழுவதற்கும் விடுமுறை. எண்ணெய்க் குளியலும் காலைக் கோயிலும் முடிந்தால் பிறகு திறந்த இல்ல உபசரிப்பு. முன்பு துணி எடுக்கத் தீவின் லிட்டில் இந்தியாவுக்குப் போனவர்கள் இப்போது ஜாலான் தொடாக் பேரங்காடியிலும் சுற்றுவட்டார இரவுச் சந்தைகளிலும் வாங்கி முடித்துவிடுகிறார்கள். முறுக்கு சுடுவது மட்டும் இன்னும் வீட்டில்தான். தாமான்களில் பக்கத்துவீட்டு மலாய்க்காரருக்கும் சீனருக்கும் தட்டு கொடுக்கும் வழக்கம் விடவில்லை. நோன்புப் பெருநாளுக்கும் சீனப் பெருநாளுக்கும் அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பி வருவதில்லை.

கார்த்திகை தீபம் ஒரு நாள். மார்கழியில் விடியற்காலைத் திருப்பாவை, திருவெம்பாவை. கிறிஸ்துமஸ் கீதம் பாடி வீடு வீடாக வரும் தமிழ்க் கிறிஸ்தவக் குழுக்களும் அந்த மாதத்தில்தான்.

கோயிலுக்கு வெளியே

திருவிழா பற்றிய பேச்சில் விடுபட்டுப்போவது பள்ளியும் பாலாய் ராயாவும். தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டம் ஆகியவையும் ஊர் கூடும் நாள்களே. தோட்டம் மூடப்பட்ட பிறகு பழைய தோட்டத்து ஆள்கள் ஒருவரையொருவர் பார்ப்பது பெரும்பாலும் இங்கேதான். பேரப்பிள்ளையின் ஓட்டப் பந்தயத்துக்கு வந்த பாட்டிமார் இருவர், பழைய லயன் வரிசையில் எந்த வீடு யாருடையது என்று பேசிக்கொண்டிருப்பதைக் கேட்கலாம். கோத்தோங் ரோயோங் துப்புரவு நாளும் இரத்த தான முகாமும் குடியிருப்பாளர் சங்கங்கள் நடத்துபவை. கோயில் மண்டபத்தில் இரத்த தானம் வைத்தால் ஆள் கூடும் என்பதை மருத்துவமனைக்காரர்கள் நன்றாகவே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

யார் கையில்?

விழாவுக்கு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. விழாவை நடத்துகிறவர்கள்தான் குறைகிறார்கள். ஊர்வலம் என்றால் போலீஸ் அனுமதி, சாலை ஓரத்தில் பந்தல் என்றால் செபராங் பிறை மாநகர் மன்றத்தின் அனுமதி. 2019 செப்டம்பர் 16இல் மாநகர் தகுதி பெற்ற செபராங் பிறை, இப்போது மக்களும் வாகனங்களும் மிகுந்த பரப்பு. ஒரு சாலையை இரண்டு மணி நேரம் மூடுவது முன்போல் எளிதன்று. மனு எழுதுவது, அலுவலகத்துக்கு நடப்பது, கணக்கு வைப்பது, சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு அறிக்கை அனுப்புவது என்று பெயர் தெரியாத வேலைகள் நிறைய. இவற்றைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். சமையற்கட்டில் வெங்காயம் உரிக்கும் பெண்களும் அதே வயதினர்.

இளைஞர்கள் வருவதில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உறுமி மேளக் குழுக்களைப் பார்த்தால் அது சரியில்லை என்று தெரியும். பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் ஒரே நிறச் சட்டை அணிந்து, வாரக்கணக்கில் பயிற்சி எடுத்து, பால்குடத்தின் முன்னால் வெயிலில் நின்று அடிக்கிறார்கள். சத்தம் அதிகம், சினிமாப் பாட்டு மெட்டு கலக்கிறது என்ற குறைகள் உண்டு. சில குறைகளில் நியாயமும் உண்டு. ஆனால் ஊர்வலம் முடிந்ததும் அவர்களை அனுப்பிவிட்டு நிர்வாகக் கூட்டத்தை மூத்தவர்கள் மட்டும் நடத்துவது எந்த வகையில் சரி? அனுமதி மனுவை இணையத்தில் நிரப்பவும், கியூஆர் குறியீட்டில் நன்கொடை வாங்கவும், விழாத் தேதியை எல்லோருக்கும் அனுப்பவும் தெரிந்தவர்கள் அந்தப் பையன்களும் அவர்களுடைய அக்காமார்களும்தான். 2020, 2021 ஆண்டுகளில் நடமாட்டக் கட்டுப்பாட்டால் கூட்டங்கள் நின்றபோது பூஜையைக் கைப்பேசியில் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அந்த வயதுக்காரர்களே.

தேதி மோதலுக்கும் வழி கடினமில்லை. வட்டாரக் கோயில்கள் சித்திரையிலேயே ஒருமுறை கூடி ஆடி ஞாயிறுகளைப் பேசி முடித்துக்கொண்டால், சிறு கோயிலுக்கும் ஒரு நாள் கிடைக்கும். நாதஸ்வரக்காரரும் ஒரு நாளில் ஓர் இடத்தில் வாசிப்பார். பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் கீழ் வராத தனிக் கோயில்கள் நிறைய இருப்பதால் இதை மேலிருந்து யாரும் உத்தரவிட முடியாது. கோயில் தலைவர்கள் தாமாகப் பேசிக்கொண்டால்தான் உண்டு.

இந்த ஆண்டு மீதமுள்ள தேதிகள்: ஆடி வெள்ளி ஜூலை 17, 24, 31, ஆகஸ்டு 7, 14. ஆடி ஞாயிறு ஜூலை 19, 26, ஆகஸ்டு 2, 9, 16. ஆடிப்பெருக்கு ஆகஸ்டு 3, திங்கள். ஆடி அமாவாசை ஆகஸ்டு 12, புதன். விநாயகர் சதுர்த்தி செப்டம்பர் 14, திங்கள். நவராத்திரி தொடக்கம் அக்டோபர் 11. தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. பினாங்கில் மறுநாள் திங்கட்கிழமை மாற்று விடுமுறை. இரவு ஷிப்டில் இருப்பவர்கள் அந்தத் திங்களுக்கான விடுப்பு மனுவை இப்போதே கொடுத்துவைக்கலாம்.